ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு

ஜூன் 12, திங்கள்

இந்த டைரி மருந்துக் கடையில் சும்மா கொடுத்தது. ஜனவரியிலிருந்து காலியாகவே கிடக்கிறது. இன்றைய தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எழுதச் சொன்னது டாக்டர். தினமும் காலையில் எடை பார்த்து அந்த எண்ணைக் குறித்து வைத்தால் போதும் என்றார். ஒரு எண்ணுக்கு ஒரு முழுப் பக்கம் எதற்கு? மிச்ச இடத்தில் வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். மூச்சு வாங்குகிறதே என்று காட்டிவிட்டு வரத்தான் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன்; அங்கேயே படுக்கப் போட்டுவிட்டார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் வேலையைச் சரியாகச் செய்யவில்லையாம். அதனால் உடம்பில் தண்ணீர் தங்கிவிடுகிறதாம். கால் வீங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் முன்னாலேயே எடை கூடிவிடும், அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். சின்னப் பெண்தான். என் தம்பி மகள் சுபாவுக்கு இருக்கிற வயதுதான் இருக்கும்.

"மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா யோசிக்காம வந்துடணும்மா. நாளைக்குப் பாக்கலாம்னு இருந்துடக் கூடாது" என்றார்.

உப்பு குறைக்க வேண்டும். நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. காலையில் நீர் மாத்திரை. வீட்டில் யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டார். தம்பி என்றேன். பெயர் கோமதிநாயகம் என்று சொல்லி அவன் நம்பரையும் எழுதிக்கொடுத்தேன். நம்பர் மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நல்ல எடை மிஷினாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஜூன் 13, செவ்வாய்

மெயின் ரோட்டுப் பாத்திரக் கடையில் ஒரு முள் மிஷின் வாங்கினேன். கனமான இரும்பு, மேலே கறுப்பு ரப்பர். ரப்பர் இருந்தால் வழுக்காது. கடைக்காரர் தானே ஏறி நின்று காட்டி, பேட்டரி கீட்டரி ஒன்றும் வேண்டாம், ஆயுசுக்கும் உழைக்கும் என்றார்.

ஹாலில் வைத்து ஏறினேன். 54. அடுக்களை வாசலில் வைத்து ஏறினேன். 51½.

எதை எழுதுவது? இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 14, புதன்

முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருந்தேன். டீச்சர் இல்லை. தெருவில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்து, அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் ஒரு கருவியை எப்படிச் சோதிப்பது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் சுழிப்பிழை. யாரும் ஏறாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஓரத்தில் இருந்த சக்கரத்தைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ஏறி இறங்கினால் முள் பூஜ்யத்துக்கு ஒரு கோடு முன்னால் நின்றது. மறுபடி ஏறி இறங்கினால் அரைக் கோடு பின்னால்.

அடுத்தது படிப்பது. நேராக நின்றால் என் கண்ணாடிக்கு எண் தெரியவில்லை. குனிந்தால் முள் ஆடுகிறது. சாய்ந்து பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை. இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்: முள்ளுக்கு நேர் மேலே கண் இருக்கணும், பக்கத்துல நின்னு எட்டிப் பாக்கக் கூடாது. ஒற்றை ஆளாக ஏறி நின்றுகொண்டு அதை எப்படிச் செய்வது? கீழே ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொன்னால் இந்த மிஷினே போதும்.

தரையும் ஒரு காரணம். கல் பதித்த தரை. கல்லுக்குக் கல் ஏற்ற இறக்கம். வாங்குகிறவர்கள் முதலில் தரையைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மிஷினை.

ஜூன் 15, வியாழன்

எடை பார்க்கவில்லை. மிஷினை மாற்றப் போனேன், கடைக்கு அரை நாள் லீவு.

ஜூன் 16, வெள்ளி

மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கால் வைத்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று முதலில் சொன்னார். முள் நிற்கும் அழகை அவர் கண் முன்னாலேயே நான்கு தடவை காட்டினேன். ஐந்தாவது தடவைக்கு முன் சம்மதித்துவிட்டார்.

இப்போது கண்ணாடித் தட்டு வைத்த டிஜிட்டல் மிஷின். கடையில் நான்கு வகை இருந்தது. ஒன்று ரொம்பவும் மெல்லியது, ஓரத்தில் மிதித்தால் கவிழும் போலிருந்தது. ஒன்றில் எண் நகம் அளவுதான். விலை கூடியது ஒன்று போனோடு சேர்ந்து வேலை செய்யுமாம். எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுமாம். ஏறி நின்றவுடன் வீட்டில் எல்லோருடைய போனுக்கும் செய்தி போய்விடுமாம். "புள்ளைக வெளியூர்ல இருந்தா அங்கயே பாத்துக்கிடுவாக டீச்சர்" என்றார்.

அது வேண்டாம் என்றேன். அகலத் தட்டு, பெரிய எண், நாலு மூலையிலும் கால். அவ்வளவு இருந்தால் போதும்.

ஜூன் 17, சனி

52.4. 52.4. 52.4.

மூன்று தடவையும் ஒரே எண். சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு சந்தேகம் வந்தது. இந்த மாதிரி மிஷின்கள் சில, முன்னால் பார்த்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே எடை வந்தால் பழைய எண்ணையே காட்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதனால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினேன். 54.4. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். 52.4. ஏமாற்றவில்லை.

தண்ணீர் கேன் போடுகிற சுடலைமணி வந்தார். கேனை மிஷின் மேல் வைக்கச் சொன்னேன். இருபது லிட்டர் தண்ணீர், காலிக் கேன் முக்கால் கிலோ. 20.7 காட்டியது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம்.

அடுக்களை வாசலில், மூன்றாவது கல்லில் வைத்திருக்கிறேன். நான்கு மூலைக்கும் சாக்பீஸால் அடையாளம் போட்டுவிட்டேன். இனி அதை நகர்த்தக் கூடாது. காலையில் பாத்ரூம் போய் வந்து, ஒன்றும் சாப்பிடாமல், அதே நைட்டியோடு ஏற வேண்டும்.

நம்பகமான மிஷின். இதை நம்பலாம்.

ஜூன் 18, ஞாயிறு

52.4

ஜூன் 19, திங்கள்

52.3. துணி துவைத்தேன். மாடியில் காயப்போடப் போகும்போது வீட்டுக்காரம்மா படியில் நின்றார். ஒதுங்கி வழிவிட்டார். பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர்கள் கீழே இருக்கிறார்கள், நான் மேலே. நான் மோட்டாரை நிறுத்தாமல் பள்ளிக்கூட நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய்விட்ட அன்றைக்குத் தொட்டி நிரம்பி வழிந்து அவர் காயப்போட்ட வற்றல் எல்லாம் நனைந்தது. படித்தவர்கள் இப்படிச் செய்யலாமா என்று தெருவில் நின்று கேட்டார். எட்டு மாதம் ஆகிறது.

ஜூன் 21, புதன்

52.4. பள்ளியில் கூட வேலை பார்த்த தையல் டீச்சர் போன் செய்தார். அவருக்கு சங்கரன்கோவிலில் சொந்தம் உண்டு. சுபாவின் குழந்தைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாஸ்தா கோயிலில் காதுகுத்தாம். பத்திரிகை அடித்திருக்கிறார்களாம். வருகிறீர்கள்தானே என்று கேட்டார். உடம்பு சரியில்லை, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அது உண்மைதான்.

சுபா என் தம்பி கோமதியின் மகள். அந்தப் பையன் எங்கள் சாதி இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ரெஜிஸ்டர் ஆபீசில் அவர்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் இந்த வீட்டில்தான் சாப்பிட்டார்கள். கோமதிக்கு அது பொறுக்கவில்லை. மகளை விட்டுவிட்டான், என்னையும் விட்டுவிட்டான். போன வருஷம் குழந்தை பிறந்தது. மருமகனே வந்து காலில் விழுந்தானாம். அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். நல்லதுதான். அதற்குத்தானே கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துப் போட்டவள் மட்டும் பாக்கி.

சுபா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேசுவாள். அப்பா பக்கத்தில் இருந்தால் பேச முடியாது.

ஜூன் 22, வியாழன்

52.4. கால் கிலோ காராச்சேவு வாங்கினேன். யாராவது வந்தால் வைக்கலாம்.

ஜூன் 23, வெள்ளி

52.5. காராச்சேவு தீர்ந்துவிட்டது.

ஜூன் 24, சனி

52.4. நாளைக்கு ஒரு வேலையாக வெளியே போக வேண்டியிருக்கிறது. பச்சைப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

52.6. இரண்டு பஸ் மாற வேண்டும். நீர் மாத்திரையைப் போட்டுவிட்டு பஸ்ஸில் போக முடியாது. போட்டால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும். நடுவழியில் ஒரு பெண்பிள்ளை எங்கே போவாள்? ஒரு நாள் தவறினால் ஒன்றும் ஆகாது.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாம்பார் சாதம். நல்ல வெயில். தண்ணீர் எவ்வளவு குடித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை.

ஜூன் 26, திங்கள்

53.1. நேற்று அலைந்தது.

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் கெட்டுவிட்டதாம், கழற்றிக்கொண்டு போகிறார்கள், ஜன்னலில் பார்த்தேன். கீழே அடிபம்பு இருக்கிறது. அவர்கள் அதில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டு குடம் கொடுங்கள் என்று கேட்கலாம். கேட்கவில்லை. கைவசம் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. ஒரு வாளியை வைத்துக்கொண்டு நீர் மாத்திரை போட முடியாது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 27, செவ்வாய்

53.8. பேட்டரியில் சக்தி குறைந்தால் இப்படிக் கூட்டிக் காட்டலாம். மிஷினோடு வந்த பேட்டரி எவ்வளவு நாள் கடையில் கிடந்ததோ.

மோட்டார் இன்னும் வரவில்லை. கேன் தண்ணீரை வைத்துச் சமாளிக்கிறேன். மாத்திரை இல்லை.

கடைக்குப் போய் பேட்டரி வாங்க நினைத்தேன். செருப்பு இறுக்குகிறது. மழையில் நனைந்த செருப்பு, வார் சுருங்கியிருக்கும். பாதி வழியில் திரும்பி, சுடலைமணியிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 28, புதன்

புதுப் பேட்டரி. 54.5.

நாலு மூலையும் சாக்பீஸ் அடையாளத்தில்தான் இருக்கிறது. ஹாலுக்கு மாற்றி வைத்துப் பார்த்தேன், அங்கேயும் 54.5. தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன், சரியாக இரண்டு கிலோ கூட்டியது. கூட்டுவதில் பிழை இல்லை. அப்படியென்றால் ஆரம்பத்திலேயே எங்கோ பிழை இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை 52.6. இன்று 54.5. மூன்று நாளில் ஒன்று புள்ளி ஒன்பது. இரண்டு கிலோ என்றுதானே டாக்டர் சொன்னார். இன்னும் நூறு கிராம் இருக்கிறது.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மாத்திரை போட்டேன். நேற்றைக்கும் முந்தாநாளைக்கும் சேர்த்துப் போடலாமா என்று யாரிடம் கேட்பது?

இரண்டு நாளாக நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குகிறேன். ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வருகிறது.

ஜூன் 29, வியாழன்

55.0.

வேகமாக எழுதுகிறேன், கார் வரும்வரை.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எண்களைப் படித்துக் காட்டினேன். நர்ஸ் குரலே மாறிவிட்டது. உடனே வாங்க, தனியா பஸ்ல வராதீங்க, தம்பியக் கூட்டிட்டு வாங்க என்றாள். சரி என்றேன்.

தம்பிக்கு அடித்தேன். முழுதாக மணி அடித்து நின்றது. இன்னொரு தடவை அடிக்கவில்லை. வேலையாக இருப்பான்.

அப்புறம் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மிஷினை இன்னொருவர் மேல் சோதிக்கவில்லையே என்று தோன்றியது. தன் எடை தெரிந்த ஒரு ஆளை ஏற்றிப் பார்த்தால்தான் சோதனை முழுமையாகும். படியில் நான்கு தடவை நின்று இறங்கினேன். வீட்டுக்காரம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெயர் பேச்சித்தாய், ஆறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எடை மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன், சரியாகக் காட்டுகிறதா தெரியவில்லை, கொஞ்சம் மேலே வந்து ஏறிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தார். கையில் இருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

ஏறினார். 71.2.

"முந்தாநாள்தான் சுகர் பாக்கப் போனேன், அங்க எழுவத்தொண்ணு சொன்னாக. மிஷின் சரியாத்தான் இருக்கு டீச்சர்" என்றார். இறங்கினவர் என் காலைப் பார்த்தார். "இங்க நீட்டுங்க."

உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது மேலே வரவே இல்லை.

"எத்தன நாளா இப்பிடி?"

தெரியவில்லை என்றேன். மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன், காலைப் பார்க்கவில்லை என்றேன்.

கீழே இறங்கிப் போய் அவர் வீட்டுக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்கிறது. நைட்டி, துண்டு, பிரஷ், மாத்திரை, ஆஸ்பத்திரி பைல்.

கார் வந்துவிட்டது.

ஜூலை 6, வியாழன்

51.8. வீட்டு மிஷினில் இன்று காலை.

ஏழு நாள் அங்கே. டைரியை எடுத்துக்கொண்டு போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

போகும் வழியில் கயத்தாறு தாண்டினதும் பேச முடியாமல் போய்விட்டது. பேச்சித்தாய் என் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரர் முன் சீட்டில் இருந்துகொண்டு, டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். முதல் நாளே இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

பைலில் இருந்த நம்பருக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்திருக்கிறார்கள். அந்தப் போனை எடுத்திருக்கிறான். மத்தியானம் மூன்று மணிக்குக் கோமதி வந்தான். கூடவே அவன் மனைவி பிரேமா. ஆறு வருஷத்தில் அவனுக்கு முன் மண்டை முழுக்க வழுக்கையாகிவிட்டது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றான். பிரேமா ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரிக்க ஆரம்பித்தாள். நான் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொன்ன பிறகும் உரித்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். தம்பியா என்று அவனிடம் கேட்டார். ஆமாம் என்றான். அவ்வளவுதான், அவனைப் பிடித்துக்கொண்டார். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், அக்காவுக்குக் கால் வீங்குவது கண்ணில் படவில்லையா, நாலு நாளாக எடை ஏறியிருக்கிறது, ஒரு தடவையாவது எவ்வளவு என்று கேட்டீர்களா, மூன்று நாள் மாத்திரை போடவில்லை என்பதாவது தெரியுமா. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிரேமா வாயைத் திறந்தாள். அவன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே வீட்டில் இல்லை டாக்டர், ஆறு வருஷமாகப் பேச்சே இல்லை என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன்.

"கவனிக்காம இருந்துட்டேன் டாக்டர்" என்றான்.

இனிமேல் தினமும் காலையில் நீங்கள்தான் கேட்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சரி என்றான்.

டாக்டர் போன பிறகு பிரேமா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வேண்டுமென்றே போனாள் என்றுதான் நினைக்கிறேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா."

"பண்ணேன்."

சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பாத்தேன்" என்றான். அப்புறம், "கோயில்லயும் பாத்தேன்."

ஜூன் 25 அன்று எங்கே போனேன் என்று இதில் எழுதவில்லை. இப்போது எழுதினால் என்ன? கோயிலுக்குத்தான் போனேன். உள்ளே போகவில்லை. கார்களை நிறுத்தியிருந்த இடத்தில் ஒரு வேன் மறைவில் நின்றுகொண்டேன். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கத்தின கத்தல் அங்கே வரைக்கும் கேட்டது. மொட்டைத் தலையில் சந்தனம். சுபா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். பந்தி போடுகிறார்கள் என்று யாரோ என்னையும் கூப்பிட்டார்கள். நான் வேறு வீட்டு ஆள் என்று சொல்லி பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன். கோமதி ஒரு தடவை கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பார்த்தேன் என்று அவன் சொன்னதில் மன்னிப்பு மாதிரி எதுவும் இல்லை, கோபம் மாதிரியும் இல்லை. எதற்கோ கையெழுத்து வேண்டுமென்று நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். போட்டான். இருட்டுவதற்குள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். சங்கரன்கோவிலுக்கு வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். இதைப் பக்கத்துக் கட்டில் அம்மாவிடமும் சொன்னேன்.

துணைக்கு இரண்டு நாள் பேச்சித்தாய்தான் இருந்தார். தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். எட்டு மாதம் பேசாததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். மேலே நான் நடக்கிற சத்தம் அவருக்கு அடுக்களையில் கேட்குமாம். அந்த மூன்று நாளாகச் சத்தம் குறைந்துவிட்டதாம். கேட்கலாமா வேண்டாமா என்று அவரும் யோசித்துக்கொண்டே இருந்தாராம்.

ஜூலை 7, வெள்ளி

51.8. காலை ஆறே முக்காலுக்குப் போன். கோமதி.

"எவ்வளவு?"

"அம்பத்தொண்ணு எட்டு."

"சரி." வைத்துவிட்டான்.

ஜூலை 8, சனி

51.9. அதே நேரம். எவ்வளவு. சரி.

ஜூலை 10, திங்கள்

51.8. எவ்வளவு. சரி. பேச்சித்தாய் உப்பில்லாத கீரைக் கூட்டு கொண்டுவந்து வைத்தார். வாயில் வைக்க முடியவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன்.

ஜூலை 12, புதன்

51.8. போன் வரவில்லை. எட்டரை வரைக்கும் குளிக்காமல் இருந்தேன், பாத்ரூமில் இருந்தால் மணி கேட்காது. டாக்டர் சொன்னதற்காக ஐந்து நாள் கேட்டான். அதுவே பெரிது.

ஜூலை 13, வியாழன்

51.9. போன் வந்தது. நேற்றைக்கு என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நேத்தைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். எழுதிக்கொள்கிறான் போலிருக்கிறது, பேனா ஓடும் நேரம் சத்தமில்லாமல் இருந்தது.

ஜூலை 15, சனி

51.9.

ஒரு விஷயம் எழுதிவிடுகிறேன். மிஷினில் நிற்கும்போது தோன்றியது. ஐம்பத்து மூன்றரை என்று சொன்னால் அவன் கிளம்பி வருவான். நாளைக்கு ஐம்பத்து நாலு என்றால் பிரேமாவும் வருவாள். பொய் என்று கண்டுபிடிக்க ஆள் இல்லை.

ஐம்பத்தொண்ணு ஒம்பது என்றேன். சரி என்றான். ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வேறு எண்ணைச் சொல்ல எனக்கு வராது. பிள்ளைகள் வேண்டிய விடை வருவதற்காக அளவை மாற்றி எழுதினால் நோட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 17, திங்கள்

51.8. பாத்திரக் கடைக்காரர் வழியில் பார்த்து மிஷின் எப்படி உழைக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறு யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள், அந்த மெல்லியதை விற்காதீர்கள் என்றேன்.

ஜூலை 19, புதன்

51.9.

ஆறே முக்காலுக்கு மணி அடித்தது. எவ்வளவு என்றான். சொன்னேன். சரி என்றான். வழக்கமாக உடனே கட் ஆகும் சத்தம் வரும். இன்றைக்கு வரவில்லை. போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது, மேஜை மேலாக இருக்க வேண்டும்.

ஹலோ என்றேன். பதில் இல்லை. அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. எந்தச் சட்டை என்று பிரேமா கேட்டாள். அவன் தூரத்திலிருந்து என்னவோ சொன்னான். குக்கர் ஒரு விசில் விட்டது. சுபா இன்னும் ஊருக்குப் போகவில்லை போலிருக்கிறது, பால் குடிக்கச் சொல்லிப் பிள்ளையை மிரட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை மேஜைக்குப் பக்கத்தில் வந்து தட்டை எதையோ வைத்து அடித்தது. அது என்னவோ பேசுகிறது, இன்னும் சொல் ஆகவில்லை.

மறந்து வைத்துவிட்டானா, வேண்டுமென்றே வைத்தானா என்று தெரியாது. நாளைக்குக் கேட்கவும் போவதில்லை.

எனக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அங்கே கேட்டுவிடப் போகிறதே என்று அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுக்காமல் தரையிலேயே உட்கார்ந்து, அவர்களாக எடுத்து வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.